குடுவைக்குள் ஒரு தெர்மாமீட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரசாயன ஆலை விபத்துகளைப் பற்றிப் போன வாரம் நீங்கள் எழுதிய தலையங்கத்தைப் படித்தேன். ஹெல்மெட், முகக்கவசம், தீயணைப்பு ஒத்திகை, அதிகாரிகளின் திடீர் சோதனை, இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு என்று வரிசையாகச் சொல்லியிருந்தீர்கள். எதையும் மறுக்கப் போவதில்லை. ஆனால் அவ்வளவு நீளத் தலையங்கத்தில் வினை நடக்கும் பெரிய கலனான ரியாக்டருக்குள் என்ன நடந்தது என்பதற்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம்: ரசாயனங்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்ததால் வெடித்தது. வினைபுரியத்தானே ஐயா அவற்றை உள்ளே ஊற்றினார்கள்?

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கடிதம். கடலூர், புதுச்சேரிப் பக்கம் மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஆலைகளில் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சோதனைக்கூடத்தில் ஒரு லிட்டர் குடுவையில் செய்து பார்த்த வினையை ஆலை அளவுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. ஸ்கேல்-அப் என்பார்கள். இப்போது கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளராகப் போய்வருகிறேன். இரண்டு பக்கமும் பார்த்ததால் சொல்லத் தோன்றுகிறது: விபத்தின் தொடக்கம் பல நேரம் ஆலையில் இல்லை, நம் கல்லூரிகளின் வேதியியல் செய்முறை வகுப்பில் இருக்கிறது.

இரண்டு பொருள்கள் வினைபுரிந்தால் மூன்றாவதாக ஒரு பொருள் வரும் என்று பாடத்தில் எழுதுகிறோம். பெரும்பாலான வினைகளில் கூடவே சூடும் வருகிறது. அதைச் சமன்பாட்டின் ஓரத்தில் ஒரு குறியாகப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சோதனைக்கூடத்தில் அது பெரிய பொருட்டும் இல்லை. குடுவையை ஐஸ் தொட்டியில் வைத்து, மேலே சொட்டுப் புனலிலிருந்து துளித்துளியாக விட்டால் 20 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். சூடு வந்த வேகத்திலேயே கண்ணாடிச் சுவர் வழியாக வெளியேறிவிடும்.

அதையே 5,000 லிட்டர் ரியாக்டரில் செய்யும்போது சரக்கு 5,000 மடங்கு. அதோடு பிறக்கும் சூடும் 5,000 மடங்கு. வெளியேற வேண்டிய சுவரோ, வடிவம் அதேதான் என்று வைத்துக்கொண்டாலும், ஏறக்குறைய 290 மடங்குதான் பெருகியிருக்கும். லிட்டருக்கு இவ்வளவு சுவர் என்று கணக்குப் போட்டால், குடுவையில் இருந்ததில் 17-இல் ஒரு பங்குதான் ரியாக்டரில் மிச்சம். டம்ளரில் ஊற்றிய ரசம் பேசி முடிப்பதற்குள் ஆறிவிடுகிறது, கல்யாண வீட்டு அண்டாவில் இருக்கும் ரசம் கடைசிப் பந்தி வரைக்கும் சுடுகிறதே, அதே கணக்கு. அமிலத்துக்குத் தாங்க வேண்டுமென்று கண்ணாடிப் பூச்சுப் போட்ட ரியாக்டர் என்றால் சூடு வெளியேறுவது இன்னும் மந்தம்.

இதோடு நின்றால் பரவாயில்லை. 10 டிகிரி சூடு ஏறினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பழகிப்போன தோராயக் கணக்கு. வேகம் கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் வேகம் கூடும். ரியாக்டரைச் சுற்றியிருக்கும் ஜாக்கெட் என்ற வெளியுறையில் ஓடும் குளிர்நீரோ அப்படிப் பெருகாது; உள்ளுக்கும் வெளிக்கும் எத்தனை டிகிரி வித்தியாசமோ அதற்கேற்பத்தான் சூட்டை எடுக்கும். பிறக்கும் சூடு ஒரு கட்டத்தில் வெளியேறும் சூட்டை முந்திவிட்டால் பிறகு யார் வந்தாலும் நிறுத்த முடியாது. ரஷ்ய விஞ்ஞானி நிகோலாய் செமனோவ் 1920-களிலேயே இதைக் கணக்காகப் போட்டுக் காட்டிவிட்டார். 1956-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆக, இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை.

ஆலையில் இது எப்படி இருக்கும் என்று நான் பக்கத்தில் நின்று பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஆலையின் பெயர் வேண்டாம். கிரிக்னார்ட் வினை என்று ஒன்று உண்டு. விக்டர் கிரிக்னார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 1900-இல் வெளியிட்டார், 1912-இல் நோபல் வாங்கினார். மக்னீசியச் சீவலை ஈரமே இல்லாத ஈதரிலோ டி.எச்.எஃப். கரைப்பானிலோ போட்டு, அதில் ஒரு ஹேலைடை, அதாவது குளோரினோ புரோமினோ சேர்ந்த கரிமச் சேர்மத்தை, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். மருந்து உற்பத்தியில் அடிக்கடி வேண்டியிருக்கும் வினை. இதில் ஒரு கிறுக்குத்தனம் உண்டு: உடனே தொடங்காது. மக்னீசியத்தின் மேல் ஆக்சைடு படலம் இருக்கும். கரைப்பானில் துளி ஈரம் இருந்தாலும் முரண்டு பிடிக்கும். சில நேரம் பத்து நிமிடம், சில நேரம் ஒரு மணி நேரம் சும்மா கிடக்கும். ஒரு சிட்டிகை அயோடின் போட்டு உசுப்பிவிடுவோம். குடுவையில் என்றால் கண்ணாலேயே பார்க்கலாம். அயோடினின் பழுப்பு நிறம் மறையும், சாம்பல் நிறத்தில் கலங்கும், சீவலைச் சுற்றிக் குமிழி விடும், கரைப்பான் தானாகக் கொதிக்கத் தொடங்கும். எஃகு ரியாக்டரில் ஒன்றும் தெரியாது. டெம்பரேச்சர் முள்ளும், ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டென்சருக்குக் கீழே திரும்பி வரும் குழாயில் இருக்கும் சின்னக் கண்ணாடிச் சாளரமும்தான் சாட்சி.

அன்றுதான் முதல் பைலட் பேட்ச், அதாவது ஆலை அளவுக்குப் போகுமுன் செய்யும் சோதனைத் தயாரிப்பு. ஹேலைடில் 20-இல் ஒரு பங்கை விட்டுவிட்டுக் காத்திருந்தோம். முள் அசையவில்லை. எம்.எஸ்சி. முடித்துப் புதிதாகச் சேர்ந்த கெமிஸ்ட் தம்பி செய்முறை எழுதிய பேட்ச் ஷீட்டைப் பார்க்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார். ‘முதல் பகுதி விட்ட பின் மீதியை 4 மணி நேரத்தில் விடவும்’ என்று ஷீட்டில் இருக்கிறது. வால்வைத் திறக்கக் கை வைத்தார். ரியாக்டர் ஆபரேட்டர் அண்ணன் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். அவர் குழாய்ச் சாளரத்தில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “மேடம், ரியாக்‌ஷன் இன்னும் எடுக்கல. சாளரம் காஞ்சு கெடக்கு. இதுக்கு மேல ஊத்துனா எல்லாம் உள்ளயே சேந்துக்கும், எடுக்கறப்ப மொத்தமா எடுக்கும்” என்றார். வால்வை மூடச் சொல்லிவிட்டு ஜாக்கெட்டில் லேசாக வெந்நீர் விட்டோம். வெகுநேரம் கழித்து 40-இல் நின்ற முள் நகரத் தொடங்கி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 60-ஐத் தாண்டியது. டி.எச்.எஃப். கொதிப்பது 66-இல். சாளரத்தில் கரைப்பான் கோடாக இறங்கியது. 20-இல் ஒரு பங்குக்கே அந்தப் பாய்ச்சல்.

அந்த கெமிஸ்ட் தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல மதிப்பெண் வாங்கிய பையன். கிரிக்னார்ட் வினையின் வழிமுறையை அம்புக்குறி போட்டு அழகாக எழுதிக் காட்டுவார். ஊற்றிய பொருள் வினைபுரியாமல் உள்ளே சேர்ந்துகொண்டிருக்கலாம், அப்படிச் சேர்வதுதான் ஆபத்து என்று அவருக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொன்னதில்லை. ஆபரேட்டர் அண்ணனுக்கு அனுபவம் சொல்லியிருக்கிறது. எல்லா ஷிப்டிலும் அப்படி ஒருவர் இருப்பார் என்று நம்பி ஆலை நடத்த முடியுமா?

படித்தவர்களே ஏமாந்த கதை அமெரிக்காவிலும் உண்டு. ஃபுளோரிடா மாநிலம் ஜாக்சன்வில்லில் டி2 லேபரட்டரீஸ் என்ற சிறு ஆலை இருந்தது. உரிமையாளர்கள் இருவர், ஒருவர் வேதியியலாளர், இன்னொருவர் வேதிப் பொறியாளர். பெட்ரோலில் சேர்க்கும் மாங்கனீசுச் சேர்மம் ஒன்றைத் தயாரித்தார்கள். முதல் கட்டத்தில் சோடியம் உலோகம் வினைபுரிய வேண்டும். ஒரு லிட்டர் ரியாக்டரில் நூற்றுக்கும் மேற்பட்ட தடவை செய்து பார்த்துவிட்டு, நடுவில் எந்த அளவும் இல்லாமல் நேரே 9,000 லிட்டருக்கு மேற்பட்ட ரியாக்டருக்குத் தாவினார்கள். தொடக்க பேட்சுகள் சிலவற்றிலேயே எதிர்பாராத சூடு வந்தது. செய்முறையைக் கொஞ்சம் மாற்றிச் சமாளித்தார்கள். 42-ஆவது பேட்சில் சரக்கின் அளவை மூன்றில் ஒரு பங்கு கூட்டினார்கள். ஜாக்கெட்டுக்குக் குளிர்நீர் வர ஒரே வழி, அதற்கு மாற்று கிடையாது. 2007 டிசம்பர் 19, 175-ஆவது பேட்ச். குளிரூட்டல் நின்றது. சூடு ஏறியதும், அவர்கள் கணக்கிலேயே இல்லாத இரண்டாவது வினை ஒன்று, சோடியத்துக்கும் கரைப்பானுக்கும் இடையே, 200 டிகிரி வாக்கில் தொடங்கியது. நான்கு பேர் இறந்தார்கள், 32 பேர் காயம்பட்டார்கள். இறந்தவர்களில் உரிமையாளர் ஒருவரும் உண்டு.

ஆராய்ந்த அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் ஆலையைத் திட்டியதோடு நிற்கவில்லை. இப்படிப்பட்ட வினைகளின் ஆபத்தை வேதிப் பொறியியல் படிப்பிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்நாட்டில் பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பும் பிறகு விதியைத் திருத்திக்கொண்டது. நம் ஊரில் விபத்து நடந்தால் பாடத்திட்டக் குழு கூடியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நமக்கு உதாரணத்துக்கா பஞ்சம்? போபாலை ‘விஷவாயுக் கசிவு’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு அங்கே நடந்ததும் ஒரு வினைதான். சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் இருந்த தொட்டிக்குள் தண்ணீர் போனது. எப்படிப் போனது என்று இன்றும் வாதாடுகிறார்கள், போனதில் சந்தேகமில்லை. அது தண்ணீரோடு சேர்ந்தால் கடும் சூடு வரும். அது கொதிப்பதோ வெறும் 39 டிகிரியில். தொட்டியைக் குளிர வைக்க வேண்டிய இயந்திரத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார்கள். விசாகப்பட்டினத்தில் 2020 மே 7-ஆம் தேதி அதிகாலை நடந்ததும் அப்படியே. ஊரடங்கில் ஆலை ஓடவில்லை. தொட்டியில் சும்மா கிடந்த, பிளாஸ்டிக் மூலப்பொருளான ஸ்டைரீன் தனக்குத்தானே இணைந்து பாலிமராகத் தொடங்கி, அந்தச் சூட்டில் ஆவியாகி ஊருக்குள் போனது. 12 உயிர்கள் போயின. அங்கே தெர்மாமீட்டர் இல்லாமலில்லை. தொட்டியின் அடிப்பகுதியில் இருந்தது. மேல்பகுதி எவ்வளவு சுடுகிறது என்று பார்க்க ஒன்றும் இல்லை என்று ஆந்திர அரசின் உயர்மட்டக் குழு சொன்னது.

இப்போது நம் கல்லூரிக்கு வருகிறேன். பி.எஸ்சி. வேதியியல் படித்த யாரைக் கேட்டாலும் அசிட்டனிலைடு தயாரித்த கதையைச் சொல்வார்கள். அனிலினில் அசிட்டிக் அன்ஹைட்ரைடை ஊற்றிக் கலக்கி, ஐஸ் தண்ணீரில் கொட்டி, வெள்ளை வெளேரென்று விழுவதை வடிகட்டிக் காயவைத்து, எத்தனை கிராம் வந்தது என்று நிறுத்து, உருகுநிலை பார்த்து, 114 டிகிரி என்று ரெக்கார்டு நோட்டில் எழுதுவோம். வினை நடந்த நேரத்தில் குடுவை எத்தனை டிகிரியில் இருந்தது? எந்த மாணவிக்கும் தெரியாது. யாரும் கேட்பதில்லை. கையில் பிடித்திருக்கும் குடுவை சுடுகிறது என்பது அவளுக்குத் தெரிகிறது. அதற்கு நோட்டில் கட்டம் இல்லை. இத்தனைக்கும், பாராசிட்டமால் தயாரிப்பின் கடைசிப் படியும் இதே குடும்பத்து வினைதான். அனிலினுக்குப் பதில் பாரா அமினோ ஃபீனால். ஆலையில் டன் கணக்கில் நடக்கும் வேலையின் குட்டி வடிவத்தை மாணவி செய்துவிட்டுப் போகிறாள், அதன் பாதிப் பாடத்தைப் படிக்காமலே.

அடுத்து அந்த அசிட்டனிலைடை நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரிய வைத்து நைட்ரேற்றம் செய்வதும் பல கல்லூரிகளில் உண்டு. ‘10 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்று கையேடு சொல்லும். ஏன் என்று சொல்லாது. வேறு பொருள் கலந்து வந்துவிடும் என்று மட்டும் ஆசிரியர்கள் விளக்குவோம், அது பாதி உண்மை. மீதிப் பாதியை ஆலையில்தான் கற்க வேண்டியிருக்கிறது. உதாரணத்துக்கு, பென்சீன் வகையறாவை நைட்ரேற்றம் செய்யும்போது எண்ணெயும் அமிலமும் ஒட்டாத இரண்டு அடுக்குகள். ஸ்டிரர் என்ற கலக்கி சுற்றிக் கலக்கினால்தான் வினை. கரண்ட் போகிறது, ஸ்டிரர் நிற்கிறது, அடுக்குகள் பிரிகின்றன. அமிலம் விடுவதை அந்த நொடியே நிறுத்தாவிட்டால் அது வினைபுரியாமல் அடியில் சேர்ந்துகொண்டே போகும். ஜெனரேட்டர் வந்ததும் எல்லோருக்கும் முதலில் ஸ்டிரரைப் போடத்தான் கை போகும். அதுதான் கூடாது. சேர்ந்ததெல்லாம் ஒரே நேரத்தில் கலந்து, ஒரே நேரத்தில் வினைபுரியும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது, அதை எப்படித் தணிப்பது என்று தெரியாமல் பொத்தானை அழுத்தக் கூடாது. ஸ்டிரர் நின்றால் அமில வால்வு தானாக மூடிக்கொள்ளும்படி இணைத்து வைத்தால் இந்தச் சிக்கலே வராது. நல்ல ஆலைகளில் அப்படித்தான் இருக்கிறது. மற்ற ஆலைகளில் அந்த இணைப்பு இருக்கும், ‘அடிக்கடி டிரிப் ஆகுது சார்’ என்று யாராவது கழற்றி வைத்திருப்பார்கள்.

சிறு ஆலைகளின் நிலைமை இன்னும் சங்கடமானது. பிற கம்பெனிகளுக்காக ஜாப் ஒர்க் எடுத்துச் செய்வார்கள். செய்முறைத் தாள் வேறு ஊரிலிருந்து வரும். ‘ரூம் டெம்பரேச்சரில் மெதுவாகச் சேர்க்கவும்’ என்று எழுதியிருக்கும். எழுதியவரின் ரூம் ஏ.சி. போட்டது. கடலூரில் மே மாதம் ரியாக்டர் நிற்கும் தகரக் கொட்டகையின் ரூம் டெம்பரேச்சர் 40. கடற்கரைப் புழுக்கத்தில் கூலிங் டவர் தண்ணீரும் ஓர் அளவுக்குக் கீழே குளிராது. மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? குடுவையில் 20 நிமிடம் எடுத்தது ரியாக்டரில் ஐந்தாறு மணி நேரம் எடுக்க வேண்டியிருக்கலாம். அந்த ஐந்தாறு மணி நேரத்தை மூன்றாகச் சுருக்கினால் மாதத்துக்கு எத்தனை பேட்ச் கூடும் என்ற கணக்கும் அதே அலுவலகத்தில்தான் போடப்படுகிறது. பெரிய கம்பெனிகளில் வினையின் சூட்டை அளக்க கலோரிமீட்டர் கருவிகள் இருக்கின்றன. விலை அதிகம், சிறு ஆலைகளால் வாங்க முடியாது. சிப்காட் வளாகத்துக்கு ஒன்று என்று அரசே வைத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு அளந்து கொடுத்தால் என்ன? மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்காமல் ஆபரேஷன் செய்கிறோமா என்று ஒப்பிடத் தோன்றுகிறது, வேண்டாம், விட்டுவிடுகிறேன். புது வினைக்கு அனுமதி கேட்டு வரும் ஆலையிடம், குளிரூட்டல் நின்றால் உள்ளே எத்தனை டிகிரி வரை ஏறும், எவ்வளவு நேரத்தில் ஏறும் என்ற இரண்டு எண்களைத் தொழிலகப் பாதுகாப்புத் துறை கேட்க வேண்டும். அந்த எண்கள் பேட்ச் ஷீட்டின் முதல் வரியில் தமிழில் இருக்க வேண்டும். இன்றைக்கு ஆலைகளில் யார் வேலை செய்கிறார்கள் என்று பார்த்தால் இந்தியிலும் ஒடியாவிலும்கூட.

கல்லூரிக்கு நான் கேட்பது இதைவிடச் சின்னது. அசிட்டனிலைடு செய்முறையின்போது குடுவைக்குள் ஒரு தெர்மாமீட்டர். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை எண்ணைக் குறித்து, வரைபடத்தாளில் ஒரு கோடு. பிறகு அளவை இரட்டிப்பாக்கி ஆசிரியர் ஒரு தடவை செய்து காட்டி, அதன் மேல் இன்னொரு கோடு. சில நூறு ரூபாய்ச் செலவு. நான் போகும் கல்லூரியில் இதைக் கேட்டபோது, ‘நல்ல யோசனைதான் மேடம், ஆனா பிராக்டிகல் எக்ஸாமுக்கு வராதே’ என்றார்கள். அதில் நியாயம் இருக்கிறது. மதிப்பெண் இல்லாத கோட்டை எந்த மாணவியும் வரைய மாட்டாள். பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவினர் உங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்: செய்முறைத் தேர்வில் அந்தக் கோட்டுக்கு ஐந்து மதிப்பெண் ஒதுக்குங்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை இப்படிச் செய்தி வரும்போது, எத்தனை தீயணைப்பு வண்டிகள் வந்தன என்பதோடு, அந்த ரியாக்டரின் டெம்பரேச்சர் பதிவு விபத்துக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன காட்டியது என்றும் உங்கள் நிருபரைக் கேட்கச் சொல்லுங்கள். தாளிலோ கம்ப்யூட்டரிலோ அது இருக்க வேண்டும். இல்லை என்று பதில் வந்தால் அதையே தலைப்பாகப் போடலாம்.

என்னோடு வேலை பார்த்த பலர் இன்னும் அதே ஆலைகளில் இருப்பதால் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியலாளர்,
கடலூர்